இந்தப் புல்லுக்குப் பட்டம் புரட்டாசி

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, லானுக்கு விதை வாங்கப் போறேன். உங்களுக்கும் ஒரு மூட்டை எடுத்துட்டு வரட்டுமா? வெயில் வந்துருச்சு, இப்பப் போட்டாத்தானே பிடிக்கும்?" எனக்கு வேண்டாம் என்றேன். நீங்களும் வாங்காதீர்கள் என்றேன். காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். அன்று சொல்லி முடிக்காததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

வட கரோலினாவின் நடுப்பகுதியில், அதாவது ராலே, கேரி, மோரிஸ்வில் வட்டாரத்தில், வீடு வாங்கியிருக்கும் தமிழர்கள் பலரின் வாசலில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்னும் குளிர்காலப் புல். குளிரைத் தாங்கும், நிழலைப் பொறுக்கும், இங்குள்ள சிவப்புக் களிமண்ணிலும் வேர்விடும். முரட்டுப் புல் என்றே சொல்லலாம். அந்த முரட்டுப் புல்லும் ஆண்டுதோறும் செத்துப் போவதாகவே எல்லோரும் புலம்புகிறார்கள். புலம்பிவிட்டு, அடுத்த மார்ச்சில் மறுபடி விதை வாங்குகிறார்கள். வசந்தம்தான் புல்தரையின் பருவம், மார்ச் ஏப்ரலில் விதையும் உரமும் போட்டால் கோடையில் வாசல் பச்சையாக இருக்கும் என்ற எண்ணம் இங்கே அவ்வளவு ஆழமாக ஊறிப் போயிருக்கிறது. அது தவறு. புல்லைக் கொல்வதில் நோயையும் வறட்சியையும் விட இந்த எண்ணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் முடிவு.

நம்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மார்ச்சில் இந்தப் புல் கண்ணெதிரே கிடுகிடுவென்று வளர்கிறது. மரமெல்லாம் பூக்கிறது. கடைக்குப் போனால் விதை மூட்டையும் உர மூட்டையும் வாசலிலேயே மலைபோல் அடுக்கியிருக்கிறார்கள். ஏப்ரலில் விதைத்தால் முளைக்கவும் செய்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பும். மே மாதத்தில் அதைப் படமெடுத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம். நானும் அனுப்பியிருக்கிறேன். வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் மூன்று மூட்டை விதை போட்டேன். ஜூலை முடிவதற்குள் அதில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று.

என் கண்ணைத் திறந்தது வாசலோரத்தில் இருந்த ஒரு பட்டை. முந்தைய அக்டோபரில், நாங்கள் குடிவந்த புதிதில், இணையக் கேபிள் பதிக்க அங்கே பள்ளம் வெட்டினார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, போகிறபோக்கில் கொஞ்சம் ஃபெஸ்க்யூ விதையைத் தூவி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டுப் போனார்கள். ஒன்றரை அடி அகலம், இருபத்தைந்து அடி நீளம் இருக்கும். அதற்கு யாரும் உரம் வைக்கவில்லை, நான் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அந்த ஜூலையில் எங்கள் வாசலில் பச்சையாக நின்றது அந்தப் பட்டை மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் கைமண்வெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நான் ஏப்ரலில் விதைத்த புல். இரண்டு விரலால் இழுத்ததும் மண் ஒட்டாமல் கையோடு வந்துவிட்டது. மூன்று இலை. வேர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நுனி பழுத்துக் கருகியிருந்தது. அடுத்து, பட்டையில் இருந்த ஒரு தூர். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சுற்றிலும் குத்தி நெம்பியதும் சிவப்பு மண்கட்டியோடு பெயர்ந்து வந்தது. தூர் கட்டி, ஒரு கைப்பிடி தடிமனுக்கு இருந்தது. மண்ணைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், வெள்ளை வேர்கள் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம் போய், மண்வெட்டி பட்ட இடத்தில் அறுந்திருந்தன. மீதி உள்ளேயே கிடந்தது. ஒரே வாசல், ஒரே மண், ஒரே வெயில். இரண்டுக்கும் நடுவே இருந்தது விதைத்த மாதம் மட்டுமே.

ஏன் இப்படி என்பதற்குப் பதில் அந்தப் புல்லின் உடம்பிலேயே இருக்கிறது. தாவரவியலார் இதை சி3 வகை என்பார்கள். இந்த வகையில், காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் ஏற ஏற ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்து, செய்த வேலையை வீணாக்கும். இலை நன்றாக வளர 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேருக்கு இன்னும் குளிர்ச்சி தேவை. மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அது சுறுசுறுப்பாக இறங்கும். ராலேயில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 32 டிகிரி, இரவில் 21. பகலில் சம்பாதிப்பது குறைவு. இரவின் புழுக்கத்தில் மூச்சுவிட்டே அதையும் செலவழித்துவிடும். அப்போது கையிருப்பும் ஆழமான வேரும் உள்ள புல் பிழைக்கும், இல்லாதது போகும்.

இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் விதைத்தால், முளைத்து எழவே இரண்டு வாரம். ஜூன் நடுவில் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும். வேர்விட அதற்குக் கிடைப்பது எட்டு வாரம். செப்டம்பர் நடுவில் விதைத்த புல்லுக்கு அதே ஜூன் வெயில் வர ஒன்பது மாதம் இருக்கிறது. அதிலும் இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்த பிறகும் மண் இளஞ்சூட்டோடு இருப்பதால், மேலே இலை நிதானிக்க, கீழே வேர் இறங்கிக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் மண் நாளுக்கு நாள் சூடேறும். இலையுதிர் காலத்தில் நாளுக்கு நாள் தணியும். ஒரு கன்றுக்கு எது நல்லது என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாரையும் கேட்கலாம்.

இந்தப் புல்லை அமெரிக்கா முழுவதும் பரப்பிய கதையும் குளிர்காலத்தோடு சேர்ந்ததே. 1931இல் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈ. என். ஃபெர்கஸ், சோளப்பாகுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக மெனிஃபி மாவட்டத்துக்குப் போயிருந்தார். அங்கே ஒரு பண்ணையின் மலைச்சரிவில், குளிர்காலத்திலும் பச்சை மாறாத புல் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்து விதை வாங்கி வந்து பல ஆண்டு சோதித்தார். 1940களில் 'கென்டக்கி 31' என்ற பெயரில் அது வெளிவந்தது. அப்போது அது மேய்ச்சல் புல், இலை அகலமும் முரடும். நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க் அதே இனத்திலிருந்து மெல்லிய இலை கொண்ட வாசல் ரகங்களை 1980ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். இலை மெலிந்ததே தவிர இயல்பு மாறவில்லை. குளிர்காலத்தில் பச்சையாக இருக்கிறதே என்று வியந்து எடுத்து வந்த புல்லை, கோடையின் வாசலில் விதைத்துவிட்டுக் காயாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நம்மவர்கள் இதில் கூடுதலாகத் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நாம் அறிந்த புல் அருகு. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், ஒரு மழை பெய்தால் நிமிரும். அதே அருகம்புல்தான் இங்கே பெர்முடா என்ற பெயரில் பல வீடுகளின் புல்தரையாக இருக்கிறது. அது சி4 வகை. கரும்பு, சோளத்தின் கூட்டாளி. அதற்கு உரம் வைக்க வேண்டிய காலம் வசந்தத்தின் முடிவும் கோடையும். நவம்பரில் அது வைக்கோல் நிறத்துக்கு மாறித் தூங்கிவிடும். அப்போது பக்கத்து வீட்டு ஃபெஸ்க்யூ பச்சையாக நிற்கும். ஒரே தெருவில் இரண்டு புல்லும் அடுத்தடுத்த வாசலில் இருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாகும் யோசனை மற்றதற்கு நஞ்சு. ஆனால் "லானுக்கு எப்போ உரம் போடணும்?" என்று கேட்கிறவர்கள் எந்தப் புல் என்று சொல்லிக் கேட்பதில்லை, பதில் சொல்கிறவர்களும் திருப்பிக் கேட்பதில்லை. ஃபெஸ்க்யூ படராது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். நெல்லைப் போலத் தூர் கட்டும், நின்ற இடத்தில் நிற்கும். செத்த இடம் தானாக மூடாது.

உரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விதையைவிட அதிகக் கேடு செய்வது ஏப்ரல், மே மாத உரம். தழைச்சத்தை அப்போது கொட்டினால் புல் பளபளவென்று இலை விடும். அந்த இலைக்கான செலவு வேரின் கையிருப்பிலிருந்து போகிறது. பார்க்கிறவர்களுக்கு வாசல் செழிப்பாகத் தெரியும். உள்ளே கடன் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு ஜூனில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றும். ரைசாக்டோனியா சொலானி என்ற பூஞ்சை அது. இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டி, இலை பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் பரவும். சதைப்பற்றான இளம் இலையென்றால் இன்னும் விரைவாகப் பரவும். நம் டெல்டா விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சை புதிதில்லை. நெல்லில் இலையுறைக் கருகலைக் கொண்டுவருவதும் இதே ரைசாக்டோனியா சொலானிதான். யூரியாவை அளவுக்கு மீறிப் போட்ட வயலில் அது எப்படிப் பாயும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த அறிவை நாம் விமானம் ஏறும்போது ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இங்குள்ள ஃபெஸ்க்யூவுக்குச் சொல்லும் உர மாதங்கள் செப்டம்பர், நவம்பர், பிப்ரவரி. மார்ச் நடுவுக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம் என்பதே அவர்கள் அறிவுரை. ஆனால் என் வீட்டுக்குச் சில ஆண்டு வந்துகொண்டிருந்த ஒரு பராமரிப்பு நிறுவனம் ஏப்ரலிலும் மே கடைசியிலும் உரம் போட்டது, ஜூலையில் பூஞ்சைக்கு மருந்து அடிக்கத் தனியாகப் பணம் வாங்கியது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் ஒருமுறையும் சொல்லவில்லை.

அடுத்தது கிராப்கிராஸ் என்னும் களை. இதுவும் சி4 வகைதான். மண்ணின் வெப்பம் 13 டிகிரியைத் தொட்டதும், அதாவது நாம் வசந்த விதையைத் தூவும் அதே வாரங்களில், இதன் விதையும் விழித்துக்கொள்ளும். கிளறிய மண், தினமும் தண்ணீர், புதிதாகப் போட்ட உரம் எல்லாம் அதற்கும் விருந்து. ஜூன் வெயிலில் ஃபெஸ்க்யூக் கன்று சுருளும்போது கிராப்கிராஸ் கை கால் பரப்பும். முளைக்குமுன் தடுக்கும் மருந்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஃபெஸ்க்யூ விதையையும் முளைக்க விடாது. விதைத்தால் களையைத் தடுக்க முடியாது, களையைத் தடுத்தால் விதைக்க முடியாது. செப்டம்பரில் இந்த இக்கட்டே இல்லை. கிராப்கிராஸ் ஓராண்டுக் களை. முதல் உறைபனியோடு அதன் ஆயுள் முடிகிறது. இலையுதிர் காலத்தில் முளைக்கும் குளிர்காலக் களைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவை கோடை வந்ததும் சாகும் களைகள். கன்றின் இடத்தைப் பறித்துக்கொண்டு கோடை முழுக்க உட்கார்ந்திருக்காது.

"வசந்தத்தில் மழை இருக்கிறதே" என்று ஒரு வாதம் வைப்பார்கள். ராலேயில் மழை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகப் பெய்கிறது. ஜூலையில்கூட நல்ல மழை உண்டு. புல் சாவது மழை இல்லாமல் அல்ல, வெப்பத்தில். இன்னும் சொன்னால், செப்டம்பரில்தான் மழை எனக்குக் கவலை தருகிறது. 2018 செப்டம்பர் 14 அன்று ஃப்ளாரன்ஸ் புயல் கரையேறிய ஆண்டைப் போல, புதிதாக விதைத்த சரிவை ஒரே இரவில் கழுவிக்கொண்டு போகும் மழையும் வரும். சரிவான வாசல் உள்ளவர்கள் வானிலை பார்த்து ஒரு வாரம் தள்ளிப் போடலாம், வைக்கோல் பரப்பலாம். ஒரு வாரம் தள்ளிப் போடுவது வேறு, ஆறு மாதம் தள்ளிப் போடுவது வேறு.

"வடக்கே வசந்தத்தில்தானே விதைக்கிறார்கள்?" என்றும் கேட்பார்கள். வடக்கே கோடை மென்மையானது. அங்கே தவறு மன்னிக்கப்படுகிறது, அவ்வளவுதான். பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் முதலிடம் தருவது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பருக்கே. இன்னொரு நண்பர், ஏப்ரலில் விதைத்தும் தன் வாசல் நன்றாக இருப்பதாகச் சொன்னார். இருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாள் தவறாமல் ஸ்ப்ரிங்க்ளர் ஓடியது, செப்டம்பரில் வழுக்கை விழுந்த இடங்களில் மறுபடி விதைத்தார். அந்தச் செப்டம்பர் விதைதான் அடுத்த ஆண்டு நின்றது. பெயர் ஏப்ரலுக்குப் போயிற்று.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீடு கட்டி முடித்த வெற்று மண் மழையில் கரைந்து ஓடுகிறது என்றால், வசந்தமானாலும் எதையாவது விதைத்து மண்ணைக் காப்பாற்றத்தான் வேண்டும். பிப்ரவரியிலேயே போட்டுவிடுவது மேல். பாயாகச் சுருட்டி விற்கும் வளர்ந்த புல்லை மார்ச்சில் பதிக்கலாம். இவை அவசரத்துக்கான ஏற்பாடு. இவற்றையே முறையாக்கிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

கோடையில் புல்லைக் காப்பாற்ற ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், செய்யலாம். பெரும்பாலும் கையை அடக்கிக்கொள்வதுதான் அந்த வேலை. மோவரை மூன்றரை, நான்கு அங்குலத்துக்கு உயர்த்துங்கள். ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள், 1955இல் அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்ளின் கிரைடர் வெளியிட்ட ஆய்வை அறிய வேண்டும். புல்லின் மேல்பகுதியில் பாதியையோ அதற்கு மேலோ வெட்டியபோது வேர் வளர்ச்சி பல நாள் அப்படியே நின்று போனதை அவர் கண்டார். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது அதுதான். வெட்டிய புல்லை அள்ளிப் பையில் கட்டாதீர்கள். அது மட்கி, ஆண்டுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பித் தரும். தண்ணீர் வாரத்துக்கு ஓர் அங்குலம், மழையையும் சேர்த்து. விடியற்காலையில் ஒன்றிரண்டு முறையில் ஆழமாக. தினமும் மாலையில் தெளிப்பது பூஞ்சைக்கு நாமே படுக்கை விரிப்பது.

இனி செய்ய வேண்டிய வேலை. ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தப் புல்லுக்கும் பட்டம் உண்டு. அது ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் வேளை. பிள்ளையார் சதுர்த்திக்கு அருகு தேடும் வாரத்தில் ஃபெஸ்க்யூ விதையை வாங்கி வையுங்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் மூட்டையின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். களை விதை எத்தனை சதவீதம், பிற பயிர் விதை எத்தனை, எந்த ஆண்டு சோதித்தது எல்லாம் அதில் இருக்கும். ஒரே ரகமாக வாங்காமல் இரண்டு மூன்று ரகம் கலந்ததை எடுங்கள். ஒரு நோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் சாய்க்காது. களிமண் இறுகிக் கிடந்தால் மண்ணில் துளையிடும் ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து, மழை பெய்த மறுநாள் ஓட்டுங்கள். விரல் தடிமன் மண்ணுருளைகள் மேலே வந்து கிடக்கும்; அப்படியே விடுங்கள், கரைந்துவிடும். வெற்றிடத்துக்கு ஆயிரம் சதுர அடிக்கு ஆறு பவுண்டு விதை போதும். அதிகம் போட்டால் கன்றுகள் நெருங்கி ஒன்றையொன்று சாகடிக்கும். விதை மண்ணைத் தொட வேண்டும். வாரியால் லேசாகக் கீறி மூடுங்கள்.

முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாமல் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தூறல்போல் தண்ணீர். முளைத்த பிறகு முறையைக் குறைத்து ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நான்கு அங்குலம் வந்ததும் முதல் வெட்டு, கத்தி கூர்மையாக இருக்கட்டும். அக்டோபர் கடைசியில் ஓக் இலைகள் கொட்டும்போது அசந்துவிடாதீர்கள். ஈர இலை ஒரு வாரம் மேலே கிடந்தால் இளங்கன்று வெளிச்சம் இல்லாமல் அழுகிவிடும். நான் ஒரு மூலையை அப்படி இழந்திருக்கிறேன்.

தொலைபேசியில் அழைத்த தம்பி அன்று மூட்டையோடுதான் வீடு திரும்பினார். அதைப் பிரிக்காமல், வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் வரை கெடாது. இப்போது வாசலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் சிவப்பு மண் புளிப்பு மண். இந்தப் புல்லுக்கு அமில காரத்தன்மை 6 முதல் 6.5 வரை வேண்டும். சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்பதை மண்ணைச் சோதிக்காமல் சொல்ல முடியாது, போட்ட சுண்ணாம்பு வேலை செய்யவும் மாதங்கள் ஆகும். வாசலில் ஏழெட்டு இடத்தில் நான்கு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, மாநில வேளாண் துறைக்கு அனுப்புங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வட கரோலினாவில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சோதனை இலவசம்.